அலியேனோர்: இந்தப் பிரெஞ்சுப் பெண்பெயரின் வேர் எது, புழக்கம் எவ்வளவு?

சொல்தேடி:

பிரெஞ்சு ஆட்பெயர்களுக்குத் தமிழில் சிறு அகராதி ஒன்று தொகுக்கிறேன். 'அலியேனோர்' (Aliénor) பதிவு மட்டும் நகராமல் நிற்கிறது. சிக்கல் நான்கு.

1. பொருள். ஒரு தளம் 'கடவுள் என் ஒளி' என்கிறது, இன்னொன்று 'இரக்கம்' என்கிறது, மூன்றாவது எலேன் என்ற பெயரின் திரிபு என்கிறது, நான்காவது 'இன்னொரு அயேனோர்' என்கிறது. நான்கும் சரியாக இருக்க வழியில்லை. எதை எழுதுவது?

2. எலேயோனோரும் இதுவும் ஒரே பெயரா, இரண்டு பெயரா? தனித்தனிப் பதிவு போட வேண்டுமா?

3. புழக்கம். பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே வெளியிடும் பெயர்க் கோப்பை இறக்கினேன். எக்செலில் திறந்தால் மேற்குறி உள்ள எழுத்தெல்லாம் குப்பையாக வருகிறது. 'e' மேல் சாய்கோடு இல்லாமல் தேடினால் சில ஆண்டுகளுக்குத்தான் எண் கிடைக்கிறது, நடுவில் ஆண்டுகள் காணாமல் போகின்றன. அந்த ஆண்டுகளில் ஒருவருமே வைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

4. தமிழில் எப்படி எழுதுவது?

வேரடி:

முதல் இரண்டு கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தரவு பற்றி வேறு யாராவது வருவார்கள்.

'கடவுள் என் ஒளி', 'இரக்கம்' இரண்டையும் முதலில் தூக்கிப் போடுங்கள். எபிரேயத்தில் 'ஏல்' கடவுள், 'ஓர்' ஒளி. கிரேக்கத்தில் 'எலேயோஸ்' இரக்கம். எலேயோனோர் என்ற பிற்கால வடிவத்தின் ஒலியைக் கேட்டு, அதற்குத் தோதாக அகராதியில் சொல் தேடிப் பொருத்தியவை இவை. 12ஆம் நூற்றாண்டில், தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேன் நாட்டில் இந்தப் பெயரை எபிரேயமாகவோ கிரேக்கமாகவோ யாரும் பார்த்ததற்கு அடையாளம் இல்லை. அதைவிட, பழைய வடிவம் 'அ'வில் தொடங்குகிறது. 'ஏல்', 'எலேயோஸ்' விளக்கங்கள் முதல் எழுத்திலேயே முறிந்துவிடுகின்றன.

எலேன் வழியும் அப்படித்தான். இலத்தீன் எலேனாவிலிருந்து அலியேனோர் வர வேண்டுமானால் முதல் உயிர் மாற வேண்டும், நடுவில் ஓர் அசை முளைக்க வேண்டும், கடைசியில் '-னோர்' எங்கிருந்தோ வந்து ஒட்ட வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து விளக்கம் தந்தவர் இல்லை.

மிச்சம் இருப்பது நான்காவது. இதுதான் பேச வேண்டியது. பெயரை உலகறியச் செய்தவர் அக்கித்தேன் கோமகள் அலியேனோர். பிறப்பு 1122 அல்லது 1124, இறப்பு 1204. 1137இல் போர்தோவில் ஏழாம் லூயியை மணந்து பிரான்சு அரசி ஆனவர். அந்த மணம் 1152 மார்ச்சில் செல்லாததாக்கப்பட, அதே மே மாதம் புவாத்தியேவில் ஹென்றி பிளாந்தஜெனேயை மணந்து பின்பு இங்கிலாந்து அரசி ஆனார். அவருடைய தாயின் பெயர் அயேனோர், ஷாத்தெல்ரோ குடும்பம். இலத்தீனில் 'அலியா அயேனோர்' என்றால் 'மற்றொரு அயேனோர்'. தாய்க்கும் மகளுக்கும் ஒரே பெயர் இருந்ததால் மகளை இப்படிப் பிரித்துக் கூப்பிட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது என்பது கதை. பின்னால் யாரோ கட்டியது என்று ஒதுக்கிவிட முடியாது. 12ஆம் நூற்றாண்டிலேயே விஜுவா மடத்துத் தலைவர் ஜொஃப்ருவாவின் குறிப்பேட்டில் இந்த விளக்கம் வந்துவிடுகிறது.

ஆனால் இடைக்காலத் துறவிகளுக்குப் பெயரைப் பிய்த்துப் பொருள் சொல்வது ஒரு விளையாட்டு. அவர்கள் எழுதியதாலேயே வேர் ஆகிவிடாது. இங்கே எனக்குப் பெரிதாகப் படும் சான்று ஏடு அல்ல, ஒரு கல் கலம்.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 'அலியேனோரின் கலம்' என்று ஒன்று இருக்கிறது. பளிங்குப் படிகத்தில் குடைந்தது. வெளிப்புறம் முழுக்கத் தேனடை போலச் செதுக்கல். கழுத்திலும் அடியிலும் மணிகள் பதித்த பொன்வெள்ளிப் பூண். அந்த அரசியிடமிருந்து இன்று கைக்குக் கிடைக்கும் பொருள் என்று பார்த்தால் கிட்டத்தட்ட இது ஒன்றுதான். அவர் லூயிக்குக் கொடுத்தார், லூயி சேன்-தெனி மடத்துத் தலைவர் சூஜேருக்குக் கொடுத்தார், சூஜேர் பூண் போட்டு அடியில் இலத்தீனில் எழுதி வைத்தார்: இந்தக் கலத்தை மணமகள் ஆனோர் லூயி மன்னனுக்குத் தந்தாள், மித்தாதோலுஸ் அவளுடைய பாட்டனுக்கு, மன்னன் எனக்கு, சூஜேர் புனிதர்களுக்கு.

கவனியுங்கள், 'ஆனோர்'. இரண்டு 'A' எழுத்தை அடுத்தடுத்து வெட்டியிருக்கிறார்கள். 'அலி' பகுதியே இல்லை. சூஜேர் 1151இல் இறந்தார், ஆகவே அரசி உயிரோடு பிரான்சில் இருந்த காலத்திலேயே, அவரை நேரில் அறிந்தவர் பொறித்த பெயர் இது. தாயின் பெயரும் மகளின் பெயரும் ஒன்றின் இரண்டு வடிவங்களாகத்தான் அக்காலத்தார் காதில் விழுந்திருக்கின்றன என்று இதை வைத்துச் சொல்லலாம். அதற்கு மேல் போகாதீர்கள். பொறிப்பு செய்யுள் வடிவில் இருக்கிறது. அடி நிரம்பக் குட்டை வடிவம் வசதியாக இருந்திருக்கலாம்.

அலியா விளக்கத்துக்கு எதிர்வாதமும் உண்டு. இந்த அரசிக்கு நூறாண்டு முன்பே, நார்மண்டி கோமகன் இரண்டாம் ரிஷாரின் மகள் அலியேனோர் என்று குலமரபுப் பட்டியல்கள் சொல்கின்றன. பெயர் அப்போதே இருந்தது என்றால் 'இன்னொரு அயேனோர்' கதை சரிந்துவிடும். ஆனால் குலமரபு தொகுத்தவர்கள் பழைய வடிவங்களைத் தமக்குப் பழகிய எழுத்துக்கு மாற்றுவது வழக்கம். மூல ஆவணத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்காமல் அந்தப் பட்டியலைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

பதிவில் 'தென்மேற்குப் பிரான்சு, 12ஆம் நூற்றாண்டு. தாயின் பெயர் அயேனோரோடு அக்காலத்தவரே இணைத்துச் சொன்னார்கள். வேர் முடிவாகவில்லை' என்று போடுங்கள். 'பொருள்' என்ற கட்டத்தை வெறுமையாக விடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எலேயோனோர் இதே பெயரின் கிளைதான், ஆனால் இன்றைய பிரான்சில் இரண்டும் தனிப் பெயர்கள். ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு மற்றொன்று வைத்தாலும் சட்டப்படி குழப்பமில்லை. தனிப் பதிவு போடுங்கள், ஒன்றிலிருந்து மற்றதற்குச் சுட்டு கொடுங்கள். எனோரா என்ற பிரெத்தோன் (வடமேற்குப் பிரான்சு) பெயரை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். அது புனித எஃப்லாமின் மனைவியின் பெயர்; 'மதிப்பு' என்ற பொருளுள்ள இலத்தீன் 'ஒனோர்' வழி வந்தது. கடைசி அசை ஒத்துப்போவதால் பெயர்த் தளங்கள் சேர்த்துக் கட்டிவிடுகின்றன.

எண்ணடி:

மூன்றாவது கேள்வி. விடுபட்ட ஆண்டு சுழியம் அல்ல. இதை முதலில் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அரிய பெயர்களைப் பற்றி இணையத்தில் வரும் பாதி வரைபடங்கள் இந்த ஒரே தவற்றில் விழுகின்றன.

குப்பை எழுத்தை முதலில் சரி செய்யலாம். கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செலில் வெற்றுத் தாள் திறந்து, 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக இறக்குங்கள். கோப்பின் குறிமுறை கேட்கும் இடத்தில் 65001, யூனிகோட் யூடிஎஃப்-8. பிரிப்பான் அரைப்புள்ளி; காற்புள்ளி போட்டால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் குவிந்துவிடும். இப்போது நான்கு நெடுவரிசை வரும்: பாலினம் (1 ஆண், 2 பெண்), பெயர், பிறந்த ஆண்டு, எண்ணிக்கை. பதிப்புக்குப் பதிப்பு தலைப்புகளின் பெயரும் ஒழுங்கும் மாறும், உடன் வரும் விளக்கக் குறிப்பைப் புரட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மாவட்டவாரிக் கோப்பையும் இறக்கியிருந்தால் எக்செலில் கை வைக்காதீர்கள். ஒரு தாளில் எக்செல் கொள்வது 10,48,576 வரிகள். அந்தக் கோப்பில் 30 லட்சத்துக்கு மேல் வரிகள். மீதியை வெட்டிவிட்டுத் திறக்கும்; எச்சரிக்கையைக் கவனிக்காமல் 'ஓகே' அழுத்தினால் பாதிக்கு மேல் வரிகள் இல்லாத கோப்பை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவீர்கள். பைத்தான் அல்லது 'ஆர்' (R) நிரல்மொழியைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது தேடல். மேற்குறி உள்ள வடிவமும் இல்லாத வடிவமும் வேறு வேறு பெயர்களாகவே எண்ணப்படுகின்றன. 'e' எழுத்தின் மேல் சாய்கோடு போட்டும் போடாமலும் இரண்டு முறை தேடி, ஆண்டுவாரியாகக் கூட்டுங்கள். சிறுகோடு போட்ட கூட்டுப் பெயர்கள், மரி-அலியேனோர் மாதிரி, தனிப் பெயராகவே நிற்கும். அவற்றைக் கூட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கூட்டினால் அதைச் சொல்லிவிடுங்கள். கோப்பு எண்ணுவது முதல் பெயரை மட்டும். இரண்டாம் மூன்றாம் பெயராக வைத்தது எதுவும் இதில் வராது. பாட்டி பெயரை இரண்டாவதாக ஒளித்து வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இந்த மாதிரிப் பெயர் நிறையவே அங்கேதான் இருக்கும்.

இப்போது காணாமல் போன ஆண்டுகள். ஒரு பெயரை ஓர் ஆண்டில் மூன்று பேருக்குக் குறைவாக வைத்திருந்தால் அந்த ஆண்டின் வரியை இன்சே காட்டாது. ஆளை அடையாளம் காண முடியக்கூடாது என்பதே காரணம். அப்படி மறைந்த ஆண்டுகளின் எண்ணிக்கை அனைத்தையும் கூட்டி, ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு 'எக்ஸ்' போட்டு ஒரே வரியாகத் தருவார்கள். பெயருக்கு நேரே அந்த வரியைத் தேடுங்கள். அதில் 31 என்று இருந்தால், 31 பெண்கள் ஒன்றும் இரண்டுமாக வெவ்வேறு ஆண்டுகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்று பொருள். இன்னும் அரிய பெயர், அதாவது 1946க்குப் பிந்திய மொத்தக் காலத்திலும் 20 பேரை எட்டாதது, தன் பெயரில் தோன்றவே தோன்றாது. 'அரிய பெயர்கள்' என்ற பொது வரிக்குள் கரைந்துவிடும். இந்த வரம்புகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. ஆகவே எந்தப் பதிப்பு என்று குறிக்காமல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டினால் பயனில்லை.

1946க்கு முந்திய எண்களை அப்படியே நம்ப வேண்டாம். கோப்பு எடுக்கப்பட்ட அடையாளப் பதிவேடு 1940களில் எழுந்தது. அதற்கு முன் இறந்துபோன பலர் அதில் ஏறவில்லை. 1900களின் தொடக்கத்தில் தெரிவது உண்மையைவிடக் குறைவு.

எண்ணிக்கையை விகிதமாக்காமல் ஆண்டுகளை ஒப்பிடக்கூடாது. பிரான்சில் 2010இல் ஏறத்தாழ 8.3 லட்சம் பிறப்புகள், 2023இல் ஏறத்தாழ 6.8 லட்சம். பெண் குழந்தைகள் 49 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பேச்சுக்கு, ஒரு பெயரை இரண்டு ஆண்டுகளிலும் சரியாக 100 பேருக்கு வைத்தார்கள் என்று கொள்ளுங்கள். 2010இல் அது பத்தாயிரம் பெண் குழந்தைகளுக்கு 2.5, 2023இல் 3.0. எண் அசையவில்லை, பங்கு ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது.

சின்ன எண்ணின் ஆட்டத்தையும் பாருங்கள். ஆண்டுக்குச் சராசரி 16 பேர் என்றால், வர்க்கமூலம் 4. எந்தக் காரணமும் இல்லாமலேயே 12க்கும் 20க்கும் இடையில் ஆடும். '20இலிருந்து 12க்குச் சரிவு' என்று எழுதுவது நாணயம் சுண்டியதற்குக் காரணம் தேடுவது போல. ஐந்து ஐந்து ஆண்டாகக் கூட்டி வரையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இந்தப் பெயரில் தெரியும் வடிவம் தெளிவானது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஏறக்குறைய வெறுமை, நூற்றாண்டின் இறுதியில் மெல்ல மேலெழல், எந்தக் கட்டத்திலும் எலேயோனோரைத் தொடாத உயரம்.

இன்னொன்று, பலர் செய்யும் தவறு. அக்கித்தேன் அரசியின் பெயர்தானே, போர்தோ பக்கம் அதிகம் இருக்கும் என்று மாவட்ட வரைபடம் போடுகிறார்கள். மூன்று பேர் என்ற அதே வரம்பு மாவட்டக் கோப்பில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனியாக விழுகிறது. பிறப்பு அதிகமான பாரிஸ் போன்ற மாவட்டங்கள் வரம்பைத் தாண்டும், சிறு மாவட்டங்கள் மறைந்துவிடும். வரைபடம் காட்டுவது பெயரை விரும்பும் இடத்தை அல்ல, குழந்தைகள் அதிகம் பிறக்கும் இடத்தை.

சொல்தேடி:

எழுத்து சரியாகிவிட்டது, நான்கு எக்ஸ் வரியும் கிடைத்தது. நன்றி. கூடவே லேயோனோர் என்ற வடிவத்தைத் தேடினேன். பழைய ஆவணங்களில் அந்தப் பெயரில் ஆண்கள் வருகிறார்களே, பதிவில் பிழையா? 1900க்கு முன் எதை வைத்து எண்ணுவது?

பதிவேடு:

பிழை இல்லை. பிரான்சில் லேயோனோர் ஆணுக்கும் வைத்த பெயர். லோங்வில் கோமகன் லேயோனோர் தோர்லெயான் (1540–1573) ஆண். கலங்கரை விளக்க லென்சுக்குப் பெயர்போன ஒகுஸ்தேன் ஃப்ரெனேலின் தம்பி, அவரும் கலங்கரை விளக்கப் பொறியாளர்தான், லேயோனோர் ஃப்ரெனேல் (1790–1869). அவர்களுடைய தாய்மாமன், ஓவியர் மேரிமே, அவர் பெயரிலும் லேயோனோர். அக்காவின் பிள்ளைக்கு மாமன் பெயர் போனது என்று பார்த்தவுடன் தெரிகிறதல்லவா? இப்படிக் குடும்பத்துக்குள் கைமாறும் பெயரைப் பொதுப் புழக்கம் என்று எண்ணிவிடக்கூடாது. பழைய ஏட்டில் இந்த வடிவம் வந்தால் பெயரை வைத்துப் பாலினம் முடிவு செய்யாதீர்கள். 'மகன்', 'மகள்' என்ற சொல்லைப் பாருங்கள்.

1900க்கு முன் நாடளாவிய எண்ணிக்கை கிடையாது. இருப்பது மாவட்ட ஆவணக் காப்பகங்களின் ஏடுகள். 1792 செப்டம்பர் 20 சட்டத்தோடு பதிவு நகராட்சிக்கு வந்தது. அதற்கு முன்பு திருச்சபையின் ஞானஸ்நான ஏடுகள், 1539 வில்லேர்-கோத்ரே ஆணையிலிருந்து. பெரும்பாலான மாவட்டங்கள் இவற்றின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பத்தாண்டுப் பட்டியலில் தொடங்குங்கள்: 1803–1812, 1813–1822 என்று பத்துப் பத்தாண்டாக, ஊர்வாரியாக. குடும்பப் பெயர்களின் அகரவரிசையில்தான் இருக்கும், ஆகவே முதல் பெயரைத் தேட முழுப் பட்டியலையும் கண்ணால் ஓட்ட வேண்டும். சலிப்பான வேலை. ஓர் ஊரை முழுதாகப் பார்த்து 'இத்தனையில் இத்தனை' என்று எழுதுவது, பத்து ஊரை அரைகுறையாக மேய்வதைவிட மேல்.

ஜெனியாநெட் போன்ற குலமரபுத் தளங்களில் பெயரைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். அதை எண்ணாதீர்கள். அந்த ஒரே அரசி ஆயிரக்கணக்கான குடும்ப மரங்களில் ஆயிரக்கணக்கான முறை ஏறியிருப்பார்.

எலேயோனோர் எப்படி முந்தியது என்பதற்குத் தெற்கே பாருங்கள். அரசியின் மகள், தாயின் பெயரையே பெற்றவர் (1161–1214), காஸ்தில் மன்னன் எட்டாம் அல்ஃபோன்சோவை மணந்தார். அங்கே பெயர் லெயோனோர் ஆயிற்று, ஐபீரிய அரச குடும்பங்களில் வேரூன்றியது. அந்த வழியில்தான் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டின் மனைவி காஸ்தில் லெயோனோர் (1241–1290). 1530இல் முதலாம் ஃபிரான்சுவா ஆஸ்திரிய அரச குடும்பத்து எலேயோனோரை மணந்தபோது, 'எ'யில் தொடங்கும் வடிவம் பிரான்சு அரசியின் பெயராகவே உட்கார்ந்துவிட்டது. 'அ' வடிவம் அதன்பின் சரித்திர நூலுக்குள் ஒதுங்கியது என்பது என் வாசிப்பு. போர்த்துகலில் இன்று லெயோனோர் பெண் குழந்தைப் பெயர்களில் முன்வரிசை. ஸ்பெயின் பட்டத்து இளவரசி, 2005இல் பிறந்தவர், லெயோனோர். பேத்திகள் பட்டம் கட்டிக்கொண்டார்கள், பாட்டிதான் சொந்த ஊரில் அரியவள்.

சட்டம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் பதிவில் ஒரு வரி வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியில் 11ஆம் ஆண்டு ஜெர்மினால் மாதம் 11, அதாவது 1803 ஏப்ரல் 1 சட்டப்படி, நாட்காட்டிகளில் புழங்கும் பெயர்களும் பண்டை வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களும் மட்டுமே செல்லுபடியாயின. அலியேனோர் இரண்டிலும் ஒழுங்காகப் பொருந்தாத பெயர்: அன்றாட நாட்காட்டியில் இல்லை, 12ஆம் நூற்றாண்டு பண்டை வரலாறும் இல்லை. பதிவு அலுவலர் கறாராக இருந்தால் எலேயோனோர் என்று எழுதிக்கொள்ளச் சொல்ல இடமிருந்தது. 1966 சுற்றறிக்கை வட்டாரப் பெயர்களுக்கு வாசலைத் திறந்தது. 1993 ஜனவரி 8 சட்டம் தேர்வை முழுக்கப் பெற்றோரிடமே விட்டது. இன்று குழந்தையின் நலனுக்குக் கேடு என்று அலுவலர் கருதினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவே. இந்தப் பெயருக்கு அந்தக் கவலை இல்லை.

மொழிக்கண்:

வேரடி சொன்னதோடு ஒன்று. பிரெஞ்சில் 'அல்யெனே' என்றால் மனநிலை பிறழ்ந்தவர். மனநல விடுதிகள் பற்றிய 1838 ஜூன் 30 சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. 'அலியா', 'அல்யெனே', ஆங்கில 'ஏலியன்' எல்லாம் 'மற்ற' என்ற ஒரே இலத்தீன் வேர். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயரைத் தவிர்த்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாமே?

வேரடி:

கேட்க நன்றாக இருக்கிறது, காலம் ஒத்துவரவில்லை. 1838க்கு நெடுங்காலம் முன்பே 'எ' வடிவம் முந்திவிட்டது. ஒரு சொல் காதில் உறுத்துகிறது என்பதும், அதனால்தான் பெயர் வழக்கொழிந்தது என்பதும் வேறு வேறு. பிந்தியதைச் சொல்லப் பெற்றோரோ அலுவலரோ அப்படி எழுதிய தாள் வேண்டும்.

மொழிக்கண்:

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நான்காவது கேள்விக்கு வருகிறேன், அதில் காது உறுத்துவதுதான் விஷயமே.

'அலியேனோர்' வேண்டாம். தமிழ் வாசகர் கண் முதல் இரண்டு எழுத்தில் நிற்கும். அந்தச் சொல் இன்று வசையாகிவிட்டது, ஒரு பெண்ணின் பெயர்ப் பதிவில் அது தனியே துருத்தத் தேவையில்லை. உச்சரிப்பும் அதைக் கேட்கவில்லை. பிரெஞ்சில் மூன்று அசை: அ, ல்யே, னோர். 'லி' என்று நிறுத்திச் சொல்வதில்லை, 'ல்'லும் 'ய'வும் ஒட்டிப் போகும். 'அல்யேனோர்' என்று எழுதினால் ஒலியும் சரி, கண்ணும் தடுக்காது. கடைசி 'ர்' பிரெஞ்சில் தொண்டையிலிருந்து வருவது; அதற்குத் தமிழில் எழுத்து இல்லை, விட்டுவிடுங்கள். 'அலியனோர்', 'எலினோர்' இரண்டும் ஆங்கில வழி வந்தவை, பிரெஞ்சுப் பதிவில் வரக்கூடாது. எலேயோனோருக்கு நான்கு அசை, நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும்.

தாயின் பெயரில் 'அ'வும் 'ஏ'யும் தனித்தனி உயிர்கள், தமிழில் நடுவே யகர உடம்படுமெய் போட்டு 'அயேனோர்' என்பது சரி. இரண்டையும் ஒட்டி 'ஏனோர்' என்று எழுதிவிடாதீர்கள். தமிழில் ஏனோர் என்றால் மற்றவர். இலத்தீன் அலியாவும் 'மற்றவள்'. வெறும் தற்செயல்தான். ஆனால் இணையத்தில் ஒரு முறை ஏறிவிட்டால் 'பிரெஞ்சு அரசிக்குச் சங்கத்தமிழ்ப் பெயர்' என்று சுற்றத் தொடங்கிவிடும், பிறகு இறக்க முடியாது.

சொல்தேடி:

அல்யேனோர் என்றே மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று. பெயர்நாள் (அந்தப் பெயருள்ள புனிதருக்குரிய நாள்) கட்டத்தில் ஒரு தளம் ஜூன் 25 என்கிறது, மற்றொன்று ஆகஸ்ட் 18 என்கிறது.

பதிவேடு:

ஆகஸ்ட் 18 புனித எலேனின் நாள். எலேன் திரிபு என்ற அந்தத் தவறான வேரிலிருந்து வந்த தேதி அது. ஜூன் 25 எலேயோனோரின் நாள். இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றியை மணந்து, கணவன் போனபின் ஏம்ஸ்பரி மடத்தில் துறவு பூண்டு, 1291 ஜூனில் இறந்த புரோவான்ஸ் எலேயோனோரை ஒட்டியது. அல்யேனோர் என்ற பெயரில் தனிப் புனிதை இல்லை, ஆகவே எலேயோனோரின் நாளைக் கடன் வாங்குகிறார்கள். 'ஜூன் 25 (எலேயோனோர் வழி)' என்று போட்டால் போதும்.

எண்ணடி:

கோப்பின் பதிப்பு ஆண்டையும் அதே பதிவில் போட்டுவிடுங்கள்.